குடோனில் பூட்டிய புல்

மழையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் குடோன் பார்த்தவன் வேறு எப்படி இருப்பான்? வானம் கறுத்தால் மற்றவர்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். நான் தார்ப்பாயைத் தேடுவேன். இந்தப் பழக்கத்தால் ஒரு பெண்ணின் வாய்ப்பையே கெடுத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் முதலாளிக்குக் கால்பந்துப் பைத்தியம். சூலக்கரைக்கு அந்தப் பக்கம், பெரிய கிளப்புகள் ஆடுகிற தரத்தில் புல் மைதானம் போட ஆரம்பித்தார். புல்லைத் தேர்ந்தெடுத்துப் பராமரிக்கிற பொறுப்பை என்னிடம் விட்டார். (என் தகுதி: வீட்டு வாசலில் ஒரு துளசிச் செடி. அதுவும் மனைவி வளர்த்தது.) நானும் நர்சரிக்குப் போய், மண்டியிட்டு, வேரைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, பெர்முடா புல்லைத் தேர்ந்தெடுத்தேன். வெயில் தாங்கும், மிதி தாங்கும் என்று நர்சரிக்காரர் சொன்னதை, நானே கண்டுபிடித்தது போல முதலாளியிடம் ஒப்பித்தேன்.

தங்கை மகள் செல்வி அப்போது மாவட்ட அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவுக்கு வெளியூர்ப் பெண்கள் கிளப் ஒன்று வந்து உள்ளூர் அணியோடு ஆடும். நன்றாக ஆடுகிறவளை அவர்களுடைய கோச் கிளப்புக்கே எடுத்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

"மாமா, புல்லு பிடிச்சிருமா?" என்று தினமும் கேட்பாள்.

"மாமன் இருக்கேன்ல. நீ கோல் போடுற வேலைய மட்டும் பாரு" என்பேன்.

மேட்சுக்கு ஒரு மாதம் முன்பு, பாய் போலச் சுருட்டிய புல் இரண்டு லாரியில் வந்தது. இறக்க ஆரம்பித்ததும் வானம் கறுத்தது.

"ஏலே, சரக்கு நனையப் போகுது! குடோனுக்குள்ள அடுக்குங்கலே!"

லோடுமேன் மாரியப்பன் தயங்கினார். "அண்ணாச்சி, இது புல்லு. மழை நல்லதுல்லா?"

"மழை எந்தச் சரக்குக்குய்யா நல்லது?"

காலியாகக் கிடந்த சிமெண்டு குடோனில் ஆள் உயரத்துக்கு அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்று நாள் மழை. மூன்று நாளும் நிம்மதியாகத் தூங்கினேன். நாலாம் நாள் கதவைத் திறந்தால், இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி. சுருளைப் பிரித்தால் மேலே மஞ்சள், உள்ளே போகப் போகக் கறுப்பு. ஒன்றுகூடத் தேறவில்லை.

நர்சரிக்காரருக்குப் போன் போட்டேன்.

"சுருட்டி வச்சா வெந்து போகும், அன்னைக்கே விரிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அந்த மழையில விரிச்சிருந்தீகன்னா சும்மாவே வேர் பிடிச்சிருக்குமே அண்ணாச்சி!"

மறுபடி அனுப்ப அவரிடம் தயாரான புல் இல்லை. கட்டாந்தரையில் எங்கள் பிள்ளைகளை ஆடவிட மாட்டோம் என்று கிளப்பும் சொல்லிவிட்டது. கோச் வரவேயில்லை. செல்வி பூட்ஸைக் கழுவிக் காயவைத்துப் பரணில் போட்டாள். அந்த வருஷமே சிவகாசியில் ஓர் அச்சாபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருப்பேன்.

போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடுகிற நேரம். யாரோ மாலைக் கூடையை என்னிடம் நீட்டியதும், தங்கை மண்டபமே கேட்கக் கத்தினாள்: "அண்ணன் கையில குடுக்காதீக! குடோன்ல வச்சுப் பூட்டிரும்!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (வேறென்ன செய்ய?) செல்வியும் சிரித்தாள். மாலையோடு அருகில் போனபோது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"மாமா, அன்னைக்கு மேட்ச் நடந்திருந்தா என்னைய எடுத்திருப்பாகளா?"

"எடுத்திருப்பாகம்மா" என்றேன்.

அவள் தலையைக் குனிந்தாள். மாலையைப் போட்டேன்.