மௌசி செத்த ஞாயிற்றுக்கிழமை

நான் இதுவரை ஒரே ஒரு ஆளைத்தான் கொன்றிருக்கிறேன். அவள் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து பாவ் ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாள்.

மௌசி என் அம்மாவின் அக்கா. தாராவியில் அவள் இருக்கும் சந்தே அவளை இந்தியில் மௌசி என்று கூப்பிடுவதால், பெரியம்மா என்ற சொல் எங்களுக்கும் மறந்துபோயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை கண் ஆபரேஷன் முடிந்து, செம்பூரில் எங்கள் வீட்டில் இருந்தாள். தாணேயில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய அம்மா என்னைக் காவலுக்கு வைத்தாள்.

"ஏட்டி, மௌசிக்கு நேரத்துக்குச் சோறு போடு. அவ போனை அணைச்சு வச்சிருக்கேன், டாக்டர் பாக்கக் கூடாதுன்னுட்டாரு. உன் பூனை அவமேல ஒருக்கா பாஞ்சுதுன்னா, அப்பவே வெளிய தூக்கிப் போட்டுருவேன், ஆமா!"

ஜிலேபியை வெளியே போடுவதா! என் உயிரே அவன்தான். ஆனால் நாலாவது மாடியில் அடைந்து கிடக்கும் பூனைக்குப் பொழுது போகாவிட்டால், திரைச்சீலையும் மனிதக் காலும் ஒன்றுதான். ஷூ லேஸ், அட்டைப்பெட்டி, பேப்பர் பந்து என்று வித்தை காட்டிக் காட்டி நான்தான் களைத்தேன். பூனை வளர்ப்பைக் கற்றுக்கொள்ளவே போனில் ஒரு பூனை விளையாட்டும் வைத்திருந்தேன். (கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்வேன்.) அதில் பூனைக்குப் போரடித்தால் தலைக்கு மேல் சிவப்புக் கோடு வரும், ஜிலேபிக்கு அந்த வசதி இல்லை. இந்தியில் பூனையை 'பில்லி மௌசி' என்று கொஞ்சுவார்கள் அல்லவா? அதனால் போன் பூனைக்கு மௌசி என்றே பெயர் வைத்தேன். (அறிவு!)

அன்று ஜிலேபியோடு ஓடியதில் போன் பூனையை மறந்துவிட்டேன். பதினோரு மணிக்குப் பார்த்தால், ஐயோ, கண்ணில் பெருக்கல் குறியோடு மல்லாந்து கிடக்கிறது! பதறிப்போய்த் தோழிக்குத் தட்டினேன்: "மௌசி செத்துட்டாடி! பட்டினி போட்டு நானே கொன்னுட்டேன்!"

அது போனது தோழிக்கு அல்ல, குடும்பக் குரூப்புக்கு. எனக்கு அது தெரியாது. போனைச் சைலண்டில் போட்டு, திரையில் எலி ஓடும் விளையாட்டைத் திறந்து ஜிலேபியின் முன் வைத்தேன். அடடா, என்ன வேட்டை! இடது கை, வலது கை, ஒரே பாய்ச்சல்! இனி ஊருக்கே பூனை வளர்க்கச் சொல்லித்தரலாம் என்ற பூரிப்போடு மௌசிக்குக் கஞ்சி காய்ச்சப் போனேன். அங்கே திரையில் வந்த அழைப்புகளையும் எலி என்று நினைத்து, ஜிலேபி ஒவ்வொன்றாக அடித்துக் கட் செய்திருக்கிறான். பதினேழு அழைப்பு!

ஒரு மணி நேரத்தில் கதவு இடிபட்டது. தாராவியிலிருந்து மாமா, கையில் ரோஜா மாலையோடு. பின்னால் படி முழுக்க ஒப்பாரி. நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள், கறுப்புக் கண்ணாடியோடு மௌசியே கதவைத் திறந்துவிட்டாள்.

"என்னடே, யாருக்கு மாலை?"

மாமா மாலையை நீட்டினார். "ஒனக்குத்தான்க்கா."

தாணேயிலிருந்து அழுதுகொண்டே வந்து சேர்ந்த அம்மா, விஷயம் தெரிந்ததும் நேரே ஜிலேபியைத்தான் பிடித்தாள். "இந்தச் சனியனை இப்பவே விட்டுட்டு வாரேன்!" அன்று பூனைக்காக அழுதவள் நான் ஒருத்திதான்.

"விடுட்டி அதை," என்றாள் மௌசி, மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. "செத்தா எவன் அழுவான், எவன் சும்மா நிப்பான்னு பாக்க யாருக்குக் கொடுத்து வச்சிருக்கு? புதுக் கண்ணுல அதைத்தான் முதல்ல பாத்தேன். பூனை இங்கனயே கெடக்கட்டும்."

ஜிலேபி இன்றும் எங்களோடுதான். கண்ணில் ஈரமில்லாமல் நின்ற மாமாதான் பாவம், இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மௌசி தாராவிக்குத் திரும்பிய நாளிலிருந்து தினமும் காலையில் எனக்குப் போன் செய்கிறாள்.

"ஏட்டி, செத்தவ பேசுதேன். பூனைக்குச் சோறு போட்டியா?"