கோலமாவில் ஒரு மதில்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த கையோடு ஆல்ட்ரேஷன் அக்காவிடம் ஒருமுறை காட்டியிருந்தால், "மலையெல்லாம் ஓகே. கடல் மட்டும் கொஞ்சம் லூஸா கீது. ஓரத்துல புடிச்சு வுட்டா சரியா வந்துரும்" என்று சொல்லியிருப்பார். ராஜகீழ்ப்பாக்கத்தில், எங்கள் ஏரிக்கரைத் தெருவில், அவர் கண்ணில் பட்டும் பிரிக்கப்படாமல் தப்பித்த பொருள் எதுவும் கிடையாது.

மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் மெஷின். அதுதான் கடை. புதுத்துணி தைத்துத் தரமாட்டார். "புச்சு எவன் வேணா தெப்பான் சார். தப்பா தெச்சத நேராக்குறதுதான் வேல" என்பார். கழுத்தில் இன்ச் டேப், இடுப்பில் நீல சாக்பீஸ், ரவிக்கையில் வரிசையாக ஊக்கு. ஒரு இடத்தில் உட்காரமாட்டார். கல்யாணத்துக்குப் போனால் நேரே மேடையேறி, தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் சட்டைத் தோளைப் பிடித்துவிடுவார். பிள்ளையார் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே பந்தல் துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டியவர் அவர்.

நான் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நண்பரோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தேன். கணுக்காலில் ஏதோ குறுகுறுத்தது. குனிந்தால், அக்கா உட்கார்ந்து என் பேன்ட் நுனியை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"நீ பேசு சார். நடந்தா ரோட்டப் பெருக்கிகினு போற. அதுக்கு சம்பளமா குடுக்குறாங்க?"

அன்றிலிருந்து என் பேன்ட் எல்லாம் அவர் பொறுப்பு.

அக்கா திருத்தாத ஒரே ஜீவன் ஜைனபு. ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் இருப்பவர். கடைக்கு காஜா எடுப்பதும் ஹெம்மிங் செய்வதும் அவர்தான். தினமும் காலையில் டிஃபன் டப்பாவோடு ஏரிக்கரை மேலேயே நடந்து வருவார். முட்டி வலி உண்டு. ஆனால் கரை வழி குறுக்கு வழி. வந்து உட்கார்ந்ததும் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் வரை மெஷின் சத்தம்தான் நடுவில் கொஞ்சம் குறுக்கிடும்.

இப்படி இருக்கும்போதுதான் ஏரிக்கரையில் இருந்த பாழடைந்த பூங்காவைப் புதுப்பிக்கப் போவதாகவும், மக்களிடம் கருத்துக் கேட்பதாகவும் செய்தி வந்தது. கல்யாண மண்டபத்தில் கூட்டம். வெள்ளைத் திரையில் இன்ஜினியர் படம் காட்டினார். நடைபாதை, ஊஞ்சல், கழிப்பறை, செயற்கை நீரூற்று. ஏரி இருக்கும்போது நீரூற்று எதற்கு என்று நான் கேட்க நினைத்தேன், பஜ்ஜி வந்துவிட்டது.

அக்கா மட்டும் எழுந்து திரைக்கு நேரே போனார். "இது இன்னா கோடு?"

"காம்பவுண்டு வால், மேடம். சுத்தி வரும். மெயின் ரோடு பக்கம் ஒரே கேட்."

"பின்னாடி கேட் இல்லியா? அந்தத் தெரு ஜனம் எப்படி வரும்?"

"ரோடு சுத்தி வரலாம் மேடம்."

அக்கா சாக்பீஸை எடுத்துத் திரையிலேயே குறுக்கே இரண்டு கோடு போட்டு, "இங்க பிரிச்சு வுடு" என்றார். இன்ஜினியர் அலறினார். புரொஜெக்டரை அணைத்த பிறகும் அந்தக் கோடுகள் மட்டும் திரையில் நின்றன. கடைசியில் அவர், "ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன். ஜனங்களுக்கு நெஜமாவே கஷ்டம்னா அங்க சொல்லட்டும். இல்லேன்னா இதே பிளான் ஃபைனல்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதில் வந்தால் ஜைனபு அந்த முட்டியோடு லாரி ஓடும் ரோட்டைச் சுற்றி வரவேண்டும். எத்தனை நாள் வருவார்? என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், படத்துல பாத்தா எவனுக்கும் வலிக்காது. தரையில போட்டுக் காட்டுனாத்தான் உறைக்கும். நாலு பேரு கத்துவான்."

தெருவில் இருந்த கோலமாவு முழுவதும் காலி. என் மனைவியின் டப்பாவையும் நான்தான் திருடிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அக்கா கரையில் தண்ணீர் தெளித்து, டேப் பிடித்து, பூங்கா பூராவையும் படத்தில் இருந்தபடியே தரையில் போட்டார். நடைபாதை, ஊஞ்சல், கழிப்பறை எல்லாம். பின்பக்கம் கரைக்குக் குறுக்கே அந்த மதிலைப் பட்டையாக இழுத்தார். எல்லாம் சரி. ஆனால் கை சும்மா இருக்குமா? ஓரத்தில் காவியும் பூசிவிட்டார்.

அதுதான் வினையாகப் போயிற்று. யாரும் கத்தவில்லை. காவி கட்டிய கோலத்தை எந்த மனுஷன் மிதிப்பான்? பின்தெரு ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், "யாரோ அழகாப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நடக்க வருகிறவர்கள் மாவில் போட்ட கேட் வழியாக ஒழுங்காக நுழைந்து ஒழுங்காக வெளியே வந்தார்கள். அன்றைக்கே யாரோ ஒரு புண்ணியவதி கழிப்பறையின் நான்கு மூலையிலும் செம்பருத்திப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த இன்ஜினியருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாருங்க மேடம், இப்பவே பழகிட்டாங்க! பின்பக்கம் ஒருத்தர்கூட வரலையே. கேட் யாருக்கு?"

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தவரைப் பார்த்து, "யோவ், தாண்டி வாய்யா!" என்று கத்தினார்.

"கோலத்த மிதிக்கச் சொல்றியா? வூட்ல மருமவ மாசமா கீது, போக்கா" என்று அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஜைனபு வந்தார். கரை வழியாக இல்லை. மெயின் ரோட்டிலிருந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, டிஃபன் டப்பாவோடு நொண்டி நொண்டி வந்தார்.

"ஏன் ஜைனு ரோட்டால வர? ரெண்டு நாளா லேட்டு. கேட்டா தண்ணி லாரி வரலன்ன?"

ஜைனபு மூச்சு வாங்கினார். "இடுப்பொடியக் குனிஞ்சு போட்டியேக்கா. அத எப்படி மிதிச்சுகினு வர்றது?"

 

அக்கா விறுவிறுவென்று மதில்கோட்டுக்குப் போனார். கூடவே ஜைனபுவையும் இழுத்துக்கொண்டு போய், டேப்பை அவர் இடுப்பில், டிஃபன் டப்பாவோடு சேர்த்துச் சுற்றினார். தையலுக்கு விடுகிற மாதிரி இரண்டு பக்கமும் தாராளமாக விட்டு, தரையில் குறித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். போட்ட கோலத்தைத் தன் வெறுங்காலாலேயே தேய்த்து அழித்தார். சுற்றி நின்ற பெண்கள் "ஐயய்யோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பிரிச்சு வுட்டுட்டேன். வா ஜைனு, இந்தப் பக்கமா போ" என்றார். குரல் உடைந்திருந்தது.

ஜைனபு அந்த இடைவெளியில் தாண்டியதுதான் தாமதம். ரோட்டைச் சுற்றிச் சுற்றிக் கால் ஓய்ந்திருந்த கூட்டம் இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்தது. பால் வாங்கப் போனவர், டியூஷன் பிள்ளைகள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், சைக்கிள்கள். இன்ஜினியரைத் தள்ளிவிட்டுப் போனார்கள். பேனா கீழே விழ, அவர் செம்பருத்திப் பூவுக்கு நடுவில் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டு, "இவ்ளோ பேரா இந்த வழியில போவாங்க?" என்று கேட்டார்.

"பத்தலன்னா இன்னும் பிரிச்சு வுடட்டுமா?" என்றார் அக்கா.

பூங்கா வந்தது. அக்கா குறித்த இடத்திலேயே பின்பக்கம் கேட்டும் வந்தது. திறப்பு விழா அன்று டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டு இன்ச் டைட்டு" என்று முகத்தைச் சுளித்தார்.

போன வருஷம் மகள் பிரசவத்துக்காகப் பொழிச்சலூர் போன அக்கா அங்கேயே தங்கிவிட்டார். கடையை ஜைனபுதான் பார்த்துக்கொள்கிறார். தினமும் காலையில் அந்தக் கேட் வழியாகத்தான் வருகிறார். புதிதாக வாங்கிய இரண்டு பேன்ட்டை அவரிடம் நீட்டினேன். தொட மறுத்துவிட்டார்.

"உங்களுது மட்டும் அக்காதான் செய்யணுமாம் சார். வந்து பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கு."

அதனால் மடித்துவிட்டுக்கொண்டு நடக்கிறேன். பொழிச்சலூர் ஒன்றும் தூரமில்லை, நானே போய்க் கொடுத்துவிட்டு வரலாம்தான். ஆனால் கொடுத்துவிட்டால், அப்புறம் அவர் இங்கே எதற்கு வருவார்?