மலை மேஸ்திரி

மலையைப் பார்த்து ரசிப்பவர்கள் உண்டு. அதில் ஏறி மூச்சு வாங்குபவர்கள் உண்டு. உடைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றுபவர்களும் உண்டு. இந்த மூன்று ரகத்திலும் சேராத நாலாவது ரகம் ஒன்று இருக்கிறது. மலை கண்ணில் பட்டதும் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடி, “இடது பக்கச் சரிவு சரியில்லையே” என்று சொல்லும் ரகம். அவர்தான் மலை மேஸ்திரி. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஆட்கள் ஓடி ஒளிந்து சண்டை போடுவதற்கான நிலப்பரப்பை, அதாவது மேப்பை, தன் கையால் தயாரிப்பவர். யாரும் இவரைக் கேட்கவில்லை. கூலியும் கிடையாது. பகலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வந்து சேரும் பார்சல்களுக்குச் சீட்டு ஒட்டுவார். வீடு திரும்பியதும் மலை கட்டுவார்.

மேப் என்றால் சமமான தரை, நாலு சுவர், ஒளிந்துகொள்ள இரண்டு பெட்டி, அவ்வளவுதானே என்று நினைக்கிறீர்களா? மெதுவாக நினையுங்கள், அவர் காதில் விழப்போகிறது. நிலம் முதலில் மேலே எழ வேண்டும், எழுந்த நிலத்தை மழை அரிக்க வேண்டும், அரித்த மண் அடிவாரத்தில் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த இடத்தில் புல் முளைக்க வேண்டும், சரிவு செங்குத்தாக இருந்தால் புல் நிற்காது என்பதால் அங்கே பாறை தெரிய வேண்டும், அந்தப் பாறையைச் சும்மா மண்மேல் வைத்தால் மேசைமேல் வைத்த டம்ளர் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால் முக்கால்வாசியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். இத்தனையும் மவுஸைப் பிடித்த ஒரு கையால்.

“ஏங்க, புதைக்கப்போற பாறைய எதுக்கு அடி வரைக்கும் இழைச்சு இழைச்சு செய்றீங்க?” என்று அவர் மனைவி ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. அன்று முழுக்க அவர் மனைவியோடு பேசவில்லை.

எனக்குத் தெரிந்த மேஸ்திரி என் அடுத்த வீட்டுக்காரர். அவர் வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாக இருக்காது. மனைவி வரிசையாக அடுக்குவார். இவர் வெளியே வந்து காலால் லேசாகத் தள்ளிவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய்ப் பார்த்து, மறுபடி ஒன்றை மட்டும் திருப்பி வைத்து, “இப்பதான் இயற்கையா இருக்கு” என்பார். சமையலறையில் குழாய் பிய்த்துக்கொண்ட அன்று வீடே வாளியும் துணியுமாக ஓடியது. இவர் மட்டும் தரையில் குப்புறப் படுத்து, தண்ணீர் நாற்காலிக் காலைச் சுற்றி எப்படிப் பிரிந்து எப்படிக் கூடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். “யாரும் துடைக்காதீங்க! கிளையாறு உருவாகுது!” குழாய் ரிப்பேர்காரர் தன் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். இவரைத் தாண்டிப் போய் வால்வை அடைத்தார்.

விடுமுறைக்கு நிஜ மலைக்குப் போனால் திருந்துவார் என்று மனைவி நம்பினார், பாவம். உச்சியில் எல்லோரும் ஏரியைப் பார்த்து ‘ஆகா’ என்றபோது இவர் உதட்டைப் பிதுக்கினார். “ரொம்ப வட்டமா இருக்கு. யாரோ அவசரத்துல போட்டிருக்காங்க.” கொஞ்சம் தள்ளி இரண்டு மரங்களைக் காட்டி, “அது ரெண்டும் ஒரே மரம். காப்பி எடுத்து வச்சிருக்காங்க, திருப்பிக்கூட வைக்கல” என்று இயற்கையைக் கையும் களவுமாகப் பிடித்தார். திரும்பி வந்து பார்த்தால் எடுத்த படமெல்லாம் கூழாங்கல், பாசி, வேர், மண்சரிவு. மனைவி ஒரே ஒரு படத்தில் இருந்தார். பாறையின் உயரம் தெரிவதற்காக நிற்க வைத்தாராம்!

இப்படிப்பட்டவருக்கும் ஒரு சோதனை வந்தது. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு அணியாகப் பிரிந்து, அவரவர் வீட்டில் இருந்தபடியே, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாடுவோம். நான் இருப்பது மேஸ்திரியின் மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி, தலைவனாக இருக்கும் அணியில். எதிர் அணிக்கு மருந்துக்கடைக்காரர் தலைவர். விளையாடுவது எப்போதும் மருந்துக்கடைக்காரர் போட்ட மேப்பில்தான்: தட்டையான தரை, இரண்டு கோட்டை, நடுவில் ஒரு பாலம். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போட்டது. அந்தப் பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம் மேஸ்திரிக்கு வயிறு எரியும். “ஆறே இல்லாத இடத்துல பாலமாடா?” என்று கரடியாகக் கத்துவார். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கடைசியில் மச்சினனே ஒரு முடிவுக்கு வந்தான்.

“மாமா, இந்த ஞாயித்துக்கிழமை உங்க மேப்ல ஆடலாம். நல்லா வந்தா இனிமே எப்பவும் உங்களுதுதான். சொதப்பிச்சுன்னா பாலம்தான். அப்புறம் நீங்க மலைய பத்தி வாயே திறக்கக்கூடாது.”

மேஸ்திரி வெளிறிப்போனார். வாய் திறக்காமல் அவர் எப்படி உயிர் வாழ்வது? அந்த வாரம் சாப்பாட்டுத் தட்டுக்கும் அவருக்கும் தொடர்பு அறுந்தது. மலைத்தொடரை எழுப்பினார், ஆறுகளை வளைத்தார், காட்டை இங்கே அடர்த்தியாகவும் அங்கே மெலிதாகவும் தூவினார். டீயோடு வந்த மனைவி ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்.

“அழகா இருக்குங்க. ஆமா, இந்தப் பக்கத்து ஆளுங்க அந்தப் பக்கம் எப்படிப் போவாங்க?”

“இயற்கை யாருக்கும் வழி போட்டு வைக்காது” என்றார் மேஸ்திரி, டீயை எடுக்காமலே.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆட்டம் ஆரம்பித்தது. மேஸ்திரி தன் வீட்டில் உட்கார்ந்து, பறவை மாதிரி மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஓடினோம், மலை வந்தது. மலையைச் சுற்றி ஓடினோம். இன்னொரு மலை வந்தது. அதன் பின்னால் அதைவிட நன்றாக இன்னொன்று. எதிரியைக் காணோம். எதிரிக்கும் எங்களைக் காணோம். கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதையாக, அத்தனை அழகையும் வைத்தவர் இரண்டு அணியும் சந்திக்க ஒரு கணவாய் வைக்க மறந்திருந்தார்!

“எதிரிங்க எங்கதான் இருக்காங்க?” என்று நான் கத்தினேன்.

“அதத்தான் நாங்களும் தேடுறோம்” என்றது மருந்துக்கடைக்காரர் குரல். “இங்க ஒரு மரத்தடி இருக்கு, நிழல் பிரமாதம். நாங்க எல்லாரும் உக்காந்துட்டோம். நீங்க வந்தா சொல்லுங்க, எந்திரிக்கிறோம்.”

ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. எங்கள் அணியில் ஒருவர் ஆற்றில் மீன் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அப்போதுதான் ‘ஐயோ’ என்று ஒரு சத்தம்.

“மாமா! பள்ளத்துல விழுந்துட்டேன். ஏற முடியல!”

“ஓடை அரிச்ச பள்ளம்டா அது” என்றார் மேஸ்திரி, மெலிந்த குரலில். “அதைத் தூர்த்தா கீழ ஆத்தோட போக்கே கெட்டுடும்.”

மச்சினன் முட்டினான், குதித்தான், திட்டினான். அப்புறம் சத்தம் நின்றது. மேஸ்திரியின் பாலமற்ற உலகம் அத்தோடு முடிந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 

“மாமா...”

“சொல்லு.”

“இந்தப் பாறை அடியில ஈரமா இருக்கு. பக்கத்துல குட்டியா ஒரு செடி. நீங்களா வச்சீங்க?”

“ஆமா.”

“யாரு இங்க வந்து பாக்கப்போறாங்கன்னு வச்சீங்க?”

பதிலுக்குக் காத்திராமல், “நல்லாத்தான் இருக்கு மாமா” என்றான் மச்சினன். அவ்வளவுதான்! ஹெட்போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் மனைவி பின்னால் இருந்து, “அழுவாதீங்க, மைக் ஆன்ல இருக்கு” என்றார். எனக்கே அந்த மனிதர்மேல் பாசம் பொங்கிவிட்டது, என்ன செய்ய!

ஓட்டெடுப்பு நடந்தது, மேஸ்திரியின் மேப்பே ஜெயித்தது. ஒரே ஒரு நிபந்தனை: மேஸ்திரி ஒரு பாதை போட வேண்டும். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அடுத்த வீட்டில் விளக்கு அணைவதில்லை. பாதை முடிந்ததா என்று போய்க் கேட்டேன்.

“பாதைய அப்படி கோடு கிழிச்ச மாதிரி போட முடியுமா? அது நடந்து நடந்து தானா விழணும்” என்றார். ஆகவே நடப்பதற்கு ஆடுகள் செய்துகொண்டிருக்கிறார். இப்போதைக்கு ஓர் ஆட்டின் இடது காது முடிந்திருக்கிறது. அதுவரைக்கும் நாங்கள் பழைய பாலத்தில்தான் சுட்டுக்கொண்டிருக்கிறோம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றதும், படித்துக்கொண்டிருந்து நடுவில் எழுந்தது போலப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, சோபாவில் திண்டுகளை யாரோ தூக்கிப் போட்டது போல ஒவ்வொன்றாக அடுக்கி, வாரிய தலையைக் கண்ணாடி முன் நின்று விரலால் கலைத்துவிட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, “வாங்க வாங்க, வீடு எப்படி எப்படியோ கிடக்கு” என்றது யார்? அது அப்படிக் கிடப்பதற்கு ஒரு முழுக் காலை ஆனது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வந்தவர் “இல்லங்க, அவசரமா போகணும்” என்று நின்றபடியே பேசிவிட்டுப் போனாரே, அவருக்கு அவசரமெல்லாம் ஒன்றும் இல்லை. உட்கார இடம் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.