டேப்பு நைனாவும் ஒரு சாண் ரோடும்

தன் வீட்டு வாசலில் போடுகிற ரோட்டை இன்னும் உயர்த்திப் போடு என்று கான்ட்ராக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சிய மனிதர் இந்தத் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஹவுஸ் ஓனர் டேப்பு நைனா. வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், கம்பி லாரிகள் திரும்புகிற தெருவில் அவர் வீடு. கீழே அவர், முதல் மாடியில் ஒரு குடித்தனம், அதற்கு மேலே நாங்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்கு பேசுகிற ஆள், அதனால் நைனா. கம்பி ஆலையில் அளவு பார்க்கிற வேலை, அதனால் டேப்பு. மற்றவர்களுக்குச் சாவிக்கொத்து தொங்குகிற இடத்தில் அவருக்கு டேப் தொங்கும். டீக்கடையில் கிளாஸை அளப்பார். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு வாசல் பந்தலை அளப்பார்.

நான் வீடு கேட்டுப் போனபோது என்ன வேலை, எந்த ஊர், கறி சமைப்பீர்களா என்று ஒன்றும் கேட்கவில்லை. என்னைச் சுவரோடு நிறுத்தி டேப்பை இழுத்தார்.

"ஒயரம் கம்மிதான். வந்துடுங்க சார். சம்சாரம் எப்பிடி?"

"என்னைவிடக் குள்ளம்."

"அப்ப பேஜாரே இல்ல. சாமான எறக்குங்க."

குள்ளமாகப் பிறந்ததற்கு எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பரிசு அந்த வீடு.

குடிபோன பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே ஒரு வீடு இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. நைனாவுக்கோ அதற்குள் மூன்று தளம் வேண்டும். வாசல் படியை ஒழித்து, அறைக்கு அறை கூரையைத் தாழ்த்தி, பிடித்துப் பிடித்துக் கட்டியிருந்தார். எங்கள் ஃபேனுக்குக் கம்பியே கிடையாது, கூரையோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். பனியனை உட்கார்ந்துதான் கழற்றுவேன். இதில் கொடுமை என்னவென்றால், நைனா நல்ல நெடுநெடு ஆள். தான் கட்டிய வீட்டில் தானே எல்லா வாசல் நிலையிலும் தலையை இடித்துக்கொள்வார்.

"ஊரெல்லாம் அளக்கறாரு. தன்ன அளந்துட்டு ஊடு கட்னாரா பாரு!" என்பார் அவர் மனைவி. நாங்கள் அவரை அத்தை என்று கூப்பிடுவோம்.

என் மனைவி பிரசவம் முடிந்து பிள்ளையோடு வந்திறங்கிய வாரம்தான் பேரூராட்சியிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். மொட்டை மாடியிலிருந்து ரோட்டுக்கு டேப்பைத் தொங்கவிட்டு அளந்தார்.

"ஒரு சாண் ஜாஸ்தி."

நைனாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "கைப்பிடிச் சொவரு, தண்ணித் தொட்டி எல்லாம் சேத்துட்டீங்களா சார்?"

"அதெல்லாம் கணக்குல வராதுங்க. ரோட்டு மட்டத்துலேர்ந்து மொட்டை மாடித் தரை வரைக்கும்தான் அளவு. அதுவே தாண்டிப்போச்சு. மழைக்காலத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா மேல் மாடிக்கு சீல் வெச்சிடுவோம்."

மேல் மாடி என்றால் நாங்கள். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது? தொழிற்பேட்டைப் பக்கம் காலியாக ஒரு கோழிக்கூண்டு கூடக் கிடைக்காது. என் மனைவி அழ ஆரம்பித்தாள், குழந்தையும் சேர்ந்துகொண்டது.

வீட்டைக் கட்டிய கொத்தனார் தளத்துக்குத் தளம் விரல் விரலாக உயரத்தை ஏற்றிவிட்டிருந்தார். நைனா அவரைப் பிடித்து இழுத்து வந்தார்.

"மேல ரெண்டு லாரி மண்ணு கொட்னா ஊடு கொஞ்சம் எறங்காதா?"

"எறங்கும் நைனா. ஒரேடியா எறங்கிடும்" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் வண்டியைக் கிளப்பினார்.

அதன் பிறகு நைனாவுக்கு இதே வேலை. வாசலில் நின்று வீட்டைப் பார்ப்பார், ரோட்டைப் பார்ப்பார். ஒரு காலையில் நாஷ்டாவைப் பாதியில் வைத்துவிட்டு மாடியேறி ஓடிவந்தார். எங்கள் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, வலியையும் பார்க்காமல் கத்தினார்.

"சார்! எங்கேர்ந்து அளக்கறாங்கோ? ரோட்லேர்ந்து! ரோடு ஒசந்தா?"

"ஒசந்தா?"

"ஊடு கொறையும் சார்!"

அப்போது எங்கள் தெருவுக்குப் புது ரோடு வரவிருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடு என்று தெருவே திரண்டு நின்றது. ரோடு உயர்ந்தால் மழைத் தண்ணீர் எங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நைனா ஒருவர் மட்டும் எதிர்க்கட்சி.

"சொரண்டாத! மேலயே போடு! தாராளமா போடு!"

கான்ட்ராக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தொழிலுக்கு வந்த நாளாக இப்படி ஒரு பொதுஜனத்தை அவர் பார்த்ததில்லை. சுரண்டுகிற மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, மெல்லிசாகப் பூசிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். அங்கேதான் மாட்டினார். நைனா ரோலருக்கு முன்னால் குந்திக்கொண்டு கனத்தை அளந்தார். "இன்னாபா இது, தோசையா ஊத்திக்கினு கீற? ஜல்லியப் போடு!" சாண் உயரம் ஏறும்வரை ரோலர் டிரைவரைச் சாப்பிடக்கூட விடவில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே கனமான ரோடு எங்கள் தெரு ரோடுதான், கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

எஞ்சினியர் மறுபடி வந்தார். அளந்தார், நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். வீடு வரம்புக்குள் அடக்க ஒடுக்கமாக நின்றது.

"ஊட்ட என்ன பண்ணீங்க?"

"ஊட்ட ஒண்ணுமே பண்ல சார்."

எஞ்சினியர் ரோட்டைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு பைக்கை எடுத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம்.

ஐப்பசி வந்தது. மற்ற வீடுகளுக்கு உயரமான வாசல் படி, தண்ணீர் படியோடு திரும்பிவிட்டது. உயரத்தை மிச்சம் பிடிக்கப் படியே வைக்காத நைனா வீட்டுக்குள் மட்டும் விருந்தாளி மாதிரி நுழைந்தது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, கட்டில்மேல் குந்திக்கொண்டு தண்ணீருக்குள் டேப்பை விட்டிருந்தார்.

"கரெக்டா ஒரு சாண் சார்!" என்றார், பெருமையாக.

"ஊட்ல தண்ணி, கையில டேப்பு! இந்த ஆள கட்டிக்கினு நான் படற பாடு!" என்று அத்தை கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு ஏறினார். நைனா பின்னாலேயே வந்து நிலையில் இடித்துக்கொண்டார். மழை விடும்வரை எங்களோடுதான் இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் வீடு தூக்குகிறவர்கள் வந்தார்கள். அடியில் ஜாக்கி வைத்து வீட்டை அப்படியே உயர்த்திவிடுவார்களாம், அப்புறம் தண்ணீர் எட்டிப்பார்க்காதாம். அத்தைக்கு வாயெல்லாம் பல். நைனா எதையோ அளந்தார், கொஞ்ச நேரம் எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார், வேண்டாம் என்று அவர்களை அனுப்பிவிட்டார்.

எனக்கே கோபம் வந்துவிட்டது. "ஏன் நைனா? வருஷா வருஷம் தண்ணியிலயா உட்காரப் போறீங்க?"

"ஊட்ட ஒசத்தினா மறுபடி வந்து அளப்பாங்கோ சார். அப்பால உங்கள எறக்கணும். பச்சப் புள்ளய வெச்சிக்கினு எங்க போவீங்க?" என்றார், டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

அவர் ஏதோ ஜன்னல் கம்பியை அளக்கப் போய்விட்டார்.

பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நாங்கள் அதே மாடியில்தான் இருக்கிறோம். ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர்கள் மேலே வந்துவிடுகிறார்கள், நைனாவின் நெற்றி ஒவ்வொரு ஐப்பசியிலும் வீங்குகிறது. இந்த வருஷம் வானம் கறுத்ததுமே என் மனைவி ஒரு பழைய தலையணையை எடுத்து எங்கள் நிலையின் மேல்கட்டையில் கட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் அந்த உயரத்துக்கு வருகிற ஆள் அவர் ஒருவர்தான்.