அண்டை நாட்டு மாடு

இதை எனக்கு முதலில் சொன்னவள் மீன்காரி தனக்கொடி. இந்த ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஆடி இரண்டாம் வெள்ளியன்று, அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு நான் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஓடி வந்தாள்.

"யக்கா, நம்ம வீராயி மாட்டப் புடிச்சி வச்சிட்டாங்க!"

"யார் கொல்லையில மேஞ்சுது?"

"மேயல. வேவு பாத்துச்சாம்."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

புதுச்சேரியில் கொடி மாறி ஒன்பது மாதம் ஆகிறது. கோட்டக்குப்பம் போகிற வழியில் இருந்த சுங்கச் சாவடியைக்கூடப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஆனால் பாரீசில் கடைசிக் கையெழுத்து இன்னும் ஆகவில்லையாம். இந்தியாவோடு சேர்ந்துவிட்டோம் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். சேரவில்லை என்று காகிதம் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆபீசு முளைத்தது. 'பிராந்தியப் பாதுகாப்பு மற்றும் அண்டை நாடுகள் கண்காணிப்பு அலுவலகம்' என்று பெயர்ப்பலகை. அதற்கு அதிபதி கொமாந்தான் தெய்வநாயகம். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர், மார்பில் ஐந்து மெடல்.

வீராயியின் வீடு முத்தியால்பேட்டைக் கடைசியில். மாட்டுக்கொட்டகை நூறடி தள்ளி, கோட்டக்குப்பத்து எல்லைக்குள், அதாவது பழைய இந்தியப் பக்கத்தில். மாடு இந்தப் பக்கம் மேயும். கொட்டகையில் கட்டியிருக்கும் பத்து நாள் கன்றுக்குப் பால் கொடுக்க அந்தப் பக்கம் போய்வரும். அதைத்தான் பிடித்துப் பவுண்டுப் பட்டியில் அடைத்துவிட்டார்கள்.

வீராயியோடு நாங்கள் இருவரும் ஆபீசுக்குப் போனோம். கொமாந்தான் நல்ல மனுஷர். பெண்டுகள் என்று நாற்காலி போடச் சொன்னார்.

"முசே, கன்னு காலையிலேருந்து பட்டினி. மாட்ட விட்ருங்க," என்று வீராயி கும்பிட்டாள்.

"அம்மா, முதலில் நிலைமையைத் தெரிந்துகொள்ளுங்கள்." சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைப் பிரம்பால் தட்டினார். வெள்ளைக்காரன் காலத்துப் படம். நம் ஊர் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு. சிவப்பென்றால் அன்னிய நாடு. புதுப் படம் கேட்டு எழுதியிருக்கிறதாம். வருகிறவரைக்கும் இருப்பதைத்தானே பார்க்க முடியும்? "நமக்கு வடக்கே ஒரு அண்டை நாடு. மேற்கே ஒரு அண்டை நாடு. தெற்கேயும் ஒன்று. மூன்றும் ஒரே நாடு! எவ்வளவு பெரிய சூழ்ச்சி!"

"அது நம்ம இந்தியாதான முசே?" என்றாள் தனக்கொடி.

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

"ஒங்க ஆபீசு மேல பறக்குறதும் அந்தக் கொடிதான?"

"நடைமுறைப்படி நம் கொடி. சட்டப்படி அண்டை நாட்டுக் கொடி. ஆகவே காலையில் அதற்கு சல்யூட் வைக்கிறேன், மத்தியானம் அதைக் கண்காணிக்கிறேன்."

"சாவடியத்தான் எடுத்துட்டாங்களே?"

"அங்கேதான் சந்தேகம். நல்ல எண்ணம் இருப்பவன் தன் வேலியைத் தானே பிரிப்பானா?"

வீராயிக்கு அழுகை வந்துவிட்டது. "என் மாடு என்னாங்க பண்ணுச்சு?"

"தினம் எல்லை தாண்டியிருக்கிறது. போகும்போது மடி கனம், வரும்போது காலி. சரக்கை யாரிடம் ஒப்படைத்தது?"

"கன்னுகிட்டதான் சாமி!"

"ஆக, அந்தப் பக்கம் ஒரு கூட்டாளி உண்டு." குமாஸ்தா பஞ்சநாதன் எழுதிக்கொண்டார்.

அண்டை நாட்டின் சம்மதம் வந்தால் விடலாம் என்று கொமாந்தான் அந்தப் பக்கத்துத் தாசில்தாருக்குக் கடிதம் அனுப்பினார். சாயங்காலமே பதில் வந்தது: அயல்நாட்டுக் கடிதங்கள் டில்லி வழியாக வரவேண்டும்.

வீராயி அதற்குமேல் நிற்கவில்லை. கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கொமாந்தான் மேஜை முன்னால் இறக்கினாள். "இதான் அந்தக் கூட்டாளி. இதையும் உள்ள போடுங்க."

போட்டார்கள். கன்று வாலை ஆட்டிக்கொண்டு தாய்மடியில் முட்டியது. நான் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். பிடிபட்ட அன்னியருக்கு இரண்டு வேளை சர்க்கார் செலவில் தீனி என்று ஒரு விதி இருக்கிறது என்பதைப் பஞ்சநாதன் டீக்கடையில் சொல்லிவிட்டார். வைக்கோல், புண்ணாக்கு, பருத்திக்கொட்டை! மறுநாள் காலை கோவிந்தசாமி தன் எருதைக் கோட்டக்குப்பம் ஓட்டிப்போய், எல்லையில் நிற்கும் ஆபீசுக் காவலாள் கண்ணெதிரிலேயே திரும்ப ஓட்டிவந்தார். அவருக்குப் பின்னால் ஆதிமூலம், இரண்டு எருமையோடு. காவலாள் சுருட்டுப் பற்ற வைக்க அந்தப் பக்கம் திரும்பினால், "இந்தாப்பா, ஊடுருவுறோம், பாரு!" என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். பத்து நாளில் அறுபத்து மூன்று உருப்படி உள்ளே.

'நான் எச்சரித்தபடியே ஆயிற்று' என்று கொமாந்தான் மேலே எழுதினார். அவருக்கு ஜீப் வந்தது. தெருவார் சேர்ந்து மாலை போட்டோம். ஆமாம், நானும்தான். சாமிக்கு விளக்கேற்றுகிறவள் பொய் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டு வெள்ளாட்டையும் ஊடுருவ விட்டிருந்தேன்.

போன வாரம் வைக்கோல் தீர்ந்தது. எருமைகள் முட்டித் தள்ளியதில் வீராயி மாட்டுக்கு ஒரு வாய் கிடைக்கவில்லை, மடி வற்றிவிட்டது. கன்று சும்மா முட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் மறுபடி போய்க் காலில் விழுந்தாள்.

"ஒரு மாடாக இருந்தபோது கேட்டிருந்தால் விட்டிருக்கலாம்," என்றாராம் கொமாந்தான். "இப்போது இது படையெடுப்பு."

தீனிக்காக நாங்களே விட்டோம் என்று ஒப்புக்கொண்டு எங்கள் மாடுகளை ஓட்டிவந்தால் படையெடுப்பு இல்லையென்று ஆகும், அவளுக்கு வழி பிறக்கும். ஆதிமூலம் ஓட்டட்டும் என்கிறார் கோவிந்தசாமி. கோவிந்தசாமி முதலில் ஓட்டட்டும் என்கிறார் ஆதிமூலம். நான் பெண்பிள்ளை, இரண்டு பேரும் ஓட்டிய பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், வேலி இடுக்கு வழியாக வீராயி மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் கொடுத்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளாடு கழுத்தை நீட்டும். அதற்குக் கொடுக்காதீர்கள்.