நாலு மணி அறிவிப்பு

ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் அறிவிப்பு போடும் புரோகிராம் எந்த ஃபோல்டரில் நிற்கிறதென்று கண்டுபிடிக்காவிட்டால், மில்லே ரொனால்டைப் பார்த்துச் சிரிக்கும். கிளாரா சிரிக்கக்கூட மாட்டாள். அதுதான் பயம்.

வினை அவனே தேடிக்கொண்டது. ஷிப்ட் அறிவிப்பு போடும் கம்ப்யூட்டர் அவன் பொறுப்பு. மதியம் ஆளில்லாத நேரத்தில், லேப்பில் வேலை பார்க்கும் கிளாராவிடம் சொல்ல வேண்டியதை அந்த மைக்கில் பேசி ஒத்திகை பார்த்தான். நேரில் போனால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்ய!

"கிளாரா, நான் ரொனால்டு. வேடசந்தூர்ல இருந்து வடமதுரைக்கு வீடு மாத்துனதே நீங்க போற மில் பஸ்ல வரத்தான். என்னைக் கட்டிக்கிடச் சம்மதமா?"

பாழாய்ப்போன ரெக்கார்டர் அதை ஷிப்ட் அறிவிப்பின் பெயரிலேயே சேமித்துவிட்டது. பேக்கப் என்று எந்தெந்த ஃபோல்டரிலோ நகல் வேறு. நாலு மணிக்குப் புரோகிராம், தான் நிற்கிற ஃபோல்டரில் அந்தப் பெயரில் எது இருந்தாலும் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடும். நிறுத்திவிடலாம் என்றால் மில்லின் வருகைப் பதிவும் சேர்ந்து நின்றுபோகும்.

பழைய அறிவிப்பு பென்டிரைவில் இருந்தது. டெஸ்க்டாப் ஃபோல்டரில் அதைப் போட்டான். ஹெட்போனை மாட்டி, புரோகிராமில் 'சோதனை' பட்டனை அழுத்தினான்.

"கிளாரா, நான் ரொனால்டு..."

அடுத்த ஃபோல்டரில் போட்டான். மறுபடி அழுத்தினான். மறுபடியும் கிளாரா.

மேனேஜர் இருதயநாதன் கதவைத் திறந்தார். பக்கத்து ஹாலின் மெஷின் இரைச்சலும் கூடவே உள்ளே வந்தது.

"என்னப்பா, இம்புட்டு வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல சார். சிஸ்டம் கொஞ்சம்..."

"தைரியமா இரு. எல்லாம் நல்லபடியா முடியும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். சிடுமூஞ்சிக்கு இன்று என்ன வந்ததோ!

'எங்கே நிற்கிறாய்?' என்று கேட்கும் சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதினான். அது ஒரு ஃபோல்டரைக் காட்டியது. குஷியாக அங்கே போட்டு அழுத்தினான். கிளாரா! அட கூறுகெட்டவனே, அவன் எழுதியது, தான் நிற்கிற இடத்தைத்தான் சொல்லியிருக்கிறது. அறிவிப்புப் புரோகிராம் நிற்கிற இடத்தை அதனிடம் கேட்கவே இல்லையே!

பிறகுதான் மூளை வேலை செய்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ்; அதில் ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் எண் உண்டு. 'ப்ராக்' என்ற இடத்தில், அந்த எண்ணுக்குள் 'சி டபிள்யூ டி' என்பதைப் படித்தால் அது நிற்கிற ஃபோல்டர் தெரிந்துவிடும். படிக்கச் சொல்லி எழுதினான். அனுமதி இல்லை என்றது. மேனேஜரின் பாஸ்வேர்ட் வேண்டும்.

போய் நின்றான். எதற்கு என்று கேட்டால் மாட்டினான்.

"இந்தா, எழுதிக்க. இன்னிக்கு நீ என்ன கேட்டாலும் உண்டுப்பா" என்றார் அவர்.

பாஸ்வேர்டைப் போட்டதும் பதில் வந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருத்தரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் நின்றுகொண்டிருந்தது அந்தத் திருட்டுப் புரோகிராம். பழைய அறிவிப்பை அங்கே வைத்து அழுத்தினான். 'ஷிப்ட் முடிந்தது' என்றது ஹெட்போன். மாதாவே, பிழைத்தேன்!

நாலு மணிக்கு மில் முழுக்க அதே அறிவிப்புதான் கேட்டது. ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒரு ஏக்கம். பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வாசலுக்கு வந்தான். வாட்ச்மேன் சங்கிலி அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"என்னண்ணே, இன்னிக்கு ஆளாளுக்கு ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"பின்ன என்ன அப்பு, நீங்க ஹெட்போனுக்குள்ளதான் கேக்குதுன்னு நெனச்சு அந்தப் பட்டனை அமுக்க அமுக்க, வெளி ஸ்பீக்கர்லயும்ல பாடுச்சு! கிளாராப் புள்ள மொதத் தடவை கேட்டதுமே ஓடியாந்து, பஸ்ல தன் பக்கத்து சீட்ல ஒங்களுக்குக் கர்ச்சீப்பைப் போட்டு வச்சிருச்சு, வெரசாப் போங்க!"