குத்தஞ்சொல்லி வாங்கிய லேப்டாப்

கோயமுத்தூர் வட்டாரத்திலேயே அதிகக் கல்யாணங்களை நிறுத்திய ஆள் ஒரு கல்யாணத் தரகர்தான். வரதட்சணைத் தகராறெல்லாம் அவர் பக்கத்தில்கூட வர முடியாது. சத்தியமங்கலத்திலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் அவரால் பிழைப்புப் போன சமையல்காரர்களே தனியாக ஒரு சங்கம் வைத்திருக்கலாம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊர் வைத்த பெயர் குத்தஞ்சொல்லி. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் "சொல்லுங்க" என்று திரும்புவார். மற்ற தரகர்கள் வரனின் படிப்பு, தோட்டம், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று ஆரம்பிப்பார்கள். இவர் குறையில் ஆரம்பிப்பார். எல்லாக் குறையையும் கொட்டி முடித்த பிறகும் எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் ஜாதகத்தையே வெளியே எடுப்பார்.

சத்தியமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டில், மாப்பிள்ளையின் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பெண் வீட்டாரிடம் இப்படிச் சொன்னாராம்: "பையன் நல்ல பையனுங்க. வெயில் ஏறுன பொறகுதான் எந்திரிப்பான். சீட்டாடுவான். ஆடி ஜெயிச்சதும் கெடையாதுங்க."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, இவரை அடிக்கச் செருப்பைத் தேடினார். "வாசல்ல வலது பக்கம் கெடக்குதுங்க" என்று இவரே கை காட்டினார். அந்தக் கல்யாணமும் நின்றது.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம் அது. காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்த்தேன். தொண்டாமுத்தூரிலிருந்து தினமும் பஸ். கடைக்குப் புதிதாக லேப்டாப்புகள் வந்து கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட நகரவில்லை. "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒண்ணாச்சும் வித்தாகோணும். இல்லீன்னா லேப்டாப்பும் வேண்டாம், அத விக்கறதுக்கு ஒரு ஆளும் வேண்டாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வேலை போகட்டும் என்று வீட்டில் அம்மா காத்திருந்தாள். எனக்குக் கல்யாணத்தின் மேல் கோபமில்லை. "கண்ணாலமாயிட்டா வேலைய விட்டுருமுங்க" என்று வருகிற வரனிடமெல்லாம் அம்மா என் சார்பில் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைக் கேட்டு விடுவது? நான் படித்து, நான் தேடிப் பிடித்த வேலை.

அந்த நேரத்தில்தான் குத்தஞ்சொல்லி எங்கள் கடைப் படியேறினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் நனைந்த மஞ்சப்பை. மழையில் மொபெட்டில் வந்ததில் ஜாதகங்களெல்லாம் ஊறி, ஒருவருடைய சனி இன்னொருவருடைய ஏழாம் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதாம்.

"மடியில வெக்கற கம்ப்யூட்டரு ஒண்ணு வேணுமுங்க, ஜாதகம் கணிக்கற புரோகிராமோட. காசு இருக்குது. ஆனா விசாரிக்காம எடுக்கமாட்டேன்" என்றார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். பெட்டி எதை வாங்கினாலும் உள்ளே அதை நடத்துவதற்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று வேண்டும், அதுதான் வீட்டையே பார்த்துக்கொள்ளும், அதில் மூன்று இருக்கிறது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப இது ஊட்டோட மாப்பிள்ளைங்க. நல்லா விசாரிச்சுத்தான் எடுக்கோணும்."

பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. படத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்தார். ஒன்று ஜன்னலு. ஒன்று கடிச்ச பழம். மூன்றாவதன் அட்டையில் ஒரு பென்குயின் உட்கார்ந்திருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் குண்டு வாத்து.

அதற்குள் முதலாளி ஓடிவந்தார். "ஜன்னலையே எடுத்துக்குங்க. உலகமே அதத்தான் வெச்சு ஓட்டுது. ஒரு குறையும் இல்லீங்க."

அவ்வளவுதான். குத்தஞ்சொல்லி மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "வாரேனுங்க" என்று படியிறங்கிப் போனார். காந்திபுரத்தில் எல்லாக் கடையிலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. 'ஒரு குறையும் இல்லை' என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவர் கால் தானாக வாசலுக்குப் போய்விடும்.

ஆனால் எங்கள் கடைக்கு மட்டும் மறுபடி மறுபடி வந்தார். நானும் முதலாளி சொல்லிக்கொடுத்ததையே ஒப்பித்தேன். அவரும் அதே மாதிரி எழுந்து போனார். மாதக் கடைசியும் வந்துவிட்டது. அன்றைக்கு முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். குத்தஞ்சொல்லி வந்து உட்கார்ந்து, "ஏனுங்கம்மணி, மூணு பசங்கள்ல எவன் எப்பிடீங்க?" என்று முதல் நாள் மாதிரியே கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. எப்படியும் சாயங்காலம் வேலை போகத்தான் போகிறது.

"சரிங்ணா. உக்காருங்க. இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்" என்றேன்.

அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஜன்னலு நல்லா வேலை செஞ்சுட்டே இருக்கும். திடீர்னு மூஞ்சியெல்லாம் நீலமாகி அப்பிடியே நின்னுபோயிரும். ஏன்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"கூப்புட்டா திரும்பிப் பாக்காதுங்களா?"

"பாக்காதுங்க. அணைச்சுப்போட்டுத்தான் மறுபடி எழுப்போணும்."

"எம்பட மச்சானும் அப்பிடித்தானுங்க. மேல சொல்லுங்க."

"சேர்க்கையும் சரியில்லீங்க. ஆரு ஃப்ளாப்பி குடுத்தாலும் வாங்கி வாயில போட்டுக்கும். சீக்கோட வந்து நிக்கும்."

அவர் முகம் மலர ஆரம்பித்தது. "பழம்?"

"பாக்க லட்சணமுங்க. பெருமை ஜாஸ்தி. நம்மூருல அதுக்குச் சொந்தபந்தம் கம்மி. ஒடம்புக்கு முடியலீன்னா பெங்களூருக்குத் தூக்கீட்டு ஓடோணும். ஜன்னலுக்குன்னு செஞ்ச உங்க ஜாதகப் புரோகிராமு இதுல ஓடாது."

"ஏனுங்க, புரோகிராமும் பழமும் ஒரே கூட்டமா?"

எங்கள் பக்கத்தில் ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாது. அவர் தொழிலுக்கே அஸ்திவாரம் அதுதான்.

"இல்லீங்ணா, வேற வேற கூட்டம்."

"வேற கூட்டம்னா தாராளமாக் கட்டலாமுங்களே அம்மணி."

கம்ப்யூட்டரில் ஒரே கூட்டத்துக்குள்தான் சம்பந்தம், வேற்றுக் கூட்டம் ஒட்டாது என்று நான் விளக்கியதும் அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "கெரகமே, இதையெல்லாம் வெளிய சொல்லிப்போடாதீங்க" என்றார். அத்தோடு பழம் போச்சு. ஜாதகப் புரோகிராமும் போச்சு. ஜாதகத்தைத் தாமே கணித்துக்கொள்வதாகவும், பெயர், விலாசம், குறை மூன்றும் நனையாமல் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார்.

கடைசியாகக் குண்டு வாத்து. அது ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சும்மா வந்த சிடி.

"சும்மா குடுக்கறாங்கன்னா பையனுக்கு என்னமோ இருக்குது" என்றார்.

"இருக்குதுங்க. சத்தமே வராது. பிரிண்டரக் கண்டா இன்னாருன்னு தெரியாது. கருப்பு ஸ்கிரீன்ல ஒண்ணொண்ணா இங்கிலீஷ்ல அடிச்சாத்தான் அசையும். கெட்டுப்போனா ஏன்னு கேக்க நாதியில்ல. 'உபயோகமா இருக்குமுன்னு நம்பித்தான் குடுக்கறோம், ஆனா எந்த உத்தரவாதமும் கெடையாது'ன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க."

"ஆரு எழுதுனது?"

"செஞ்சவங்களே எழுதுனதுங்க."

"பெத்தவங்களேவா?"

"பெத்தவங்களேதானுங்க."

அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். ஸ்கிரீனில் காட்டினேன். இங்கிலீஷ் அவருக்குத் தகராறு. இருந்தாலும் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தொழில்ல நான் ஒருத்தன்தான் இப்பிடீன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க அம்மணி" என்றார். துண்டால் ஸ்கிரீனை ஒரு தடவை துடைத்தார். "இவனையே முடிச்சுப்போடுங்க."

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். நான் கடைசியாகச் சொன்னதெல்லாம் வாசலிலேயே காதில் விழுந்திருக்கிறது. "சரக்குக்குக் குத்தம் சொல்றதுக்கா சம்பளம் குடுக்கறேன்? நாளையிலிருந்து வர வேண்டாம் போ" என்றார்.

குத்தஞ்சொல்லி எழவில்லை. மஞ்சப்பையிலிருந்து பணக்கட்டை எடுத்து மேசையில் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க முதலாளி, நீங்க நல்லதாச் சொன்னப்பெல்லாம் நான் எந்திரிச்சுப் போனேன். இந்த அம்மணி குத்தம் சொன்னதுக்கு வாங்கறேன். அம்மணிக்கு இங்க வேலை இல்லீன்னா எனக்கு இங்க லேப்டாப்பு இல்லீங்க."

முதலாளி பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பணத்தைப் பார்த்தார். "நாளைக்கு நேரத்துலயே வந்துரு" என்றார்.

மற்ற தரகர்கள் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டிக் கலர் கலராகக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர் வீடு வீடாகப் போய்க் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தைத் திறந்து வைத்தார். ரிப்பேராங்க என்று கேட்டால், "இதோட லட்சணமே இப்பிடித்தானுங்க" என்பார். ஊரே சிரித்தது. அவர் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. ஜன்னல் வாங்கிய மற்ற வாடிக்கையாளர்கள் வாரம் தவறாமல் வந்து என்னைத் திட்டினார்கள். இவர் ஒரு நாளும் குறை என்று வந்ததில்லை. நானே மனசு கேட்காமல், "சத்தம் வரலீங்களாண்ணா?" என்று கேட்டால், "சொல்லித்தானுங்களே குடுத்தீங்க" என்பார்.

அப்புறம் ஒரு நாள் தொண்டாமுத்தூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், எனக்கு வரனோடு. அம்மா அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தாள். வந்தவர்கள் முன்னால் பஜ்ஜியும் காபியும் வைத்ததும், ஒருத்தரும் தொடுவதற்கு முன்னால் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"பொண்ணு நல்ல பொண்ணுங்க. வாய் ஜாஸ்தி. கோவம் வந்தா முதலாளின்னும் பாக்காது. அது வெச்சா ரசமா சாம்பாரான்னு நாமதான் முடிவு பண்ணோணும். கண்ணாலத்துக்கப்பறம் வேலைய விடாது. இதுக்குச் சம்மதம்னா மட்டும் பஜ்ஜிய எடுங்க."

முதல் இரண்டு குடும்பத்தாரும் பஜ்ஜியைத் தொடாமல் போனார்கள். அம்மா அழுதாள். "குத்தம் சொல்றவனுக்கு நீயே வழி காட்டி உட்டயா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை. "இத்தன நாளா நீ சொன்னது பொய். அவரு சொன்னதுதான் நான்" என்றேன்.

மூன்றாவதாக வந்தவர் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவர். குத்தஞ்சொல்லி எல்லாம் சொல்லி முடித்தார். மாப்பிள்ளையின் அம்மா மகன் முகத்தைப் பார்த்தார். அந்த ஆள் நிதானமாக ஒரு பஜ்ஜியை எடுத்துத் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குக் குறட்டை வருமுங்க. மலைப் பஸ்ஸுல ஏறுனா வாந்தி. வால்பாறைக்குக் கூட்டீட்டுப் போன்னு மட்டும் கேக்கக்கூடாதுங்க" என்றார்.

உள்ளே நின்ற நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். குத்தஞ்சொல்லி லேப்டாப்பைத் திறந்து இரண்டு விரலால் அதையும் அடித்துக்கொண்டார்.

வேலையை நான் விடவில்லை. வால்பாறையையும் இன்றுவரை பார்க்கவில்லை. குறட்டை மட்டும் சொன்னதைவிட நாலு மடங்கு. அதற்காக ஒரு தடவை குத்தஞ்சொல்லியிடம் சண்டைக்கே போனேன். மொபெட்டை நிறுத்தாமலே, "சொல்லித்தானுங்களே குடுத்தோம்" என்று போய்விட்டார்.

யாரைப் பற்றிப் பேசினாலும் குறையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். நான் இவ்வளவு நேரம் எழுதியும் அவர் குறை ஒன்றையும் சொல்லவில்லை. அவர் கேட்டால் எழுந்து போய்விடுவார், சொல்லிவிடுகிறேன். இப்போது என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். வருகிற தரகர்களெல்லாம் "ஒரு குறையும் இல்லீங்க" என்கிறார்கள். இந்த நேரம் பார்த்து அவர் இல்லை. எனக்குத் தெரிந்து அவரிடம் இருக்கிற ஒரே குறை அதுதான்.